தராசைக் கடலில் வீசிய படம்

"அப்பா, உங்களைப் பத்தி ஒரு படம் எடுத்திருக்காங்க, பாக்குறீங்களா?" என்று மகள் கேட்டபோது நான் நண்டுப் பெட்டிக்கு ஐஸ் போட்டுவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். கொரோனாவுக்கு முந்தின வருஷம். மதுரையில் காலேஜ் படித்தவள், லீவுக்கு வரும்போதெல்லாம் பென்டிரைவ் நிறையப் படம் கொண்டுவருவாள். நம்மைப் பற்றிப் படமா என்று எனக்குக் கொஞ்சம் பெருமைதான். எந்த ஊர்ப் படம் என்றேன். இத்தாலி என்றாள். எப்போது வந்தது என்றேன். 1948 என்றாள். நான் அப்போது பிறக்கவே இல்லை.

நான் பாம்பன்காரன். தெற்குவாடியில் சின்னதாக ஒரு மீன் கமிஷன் கடை, அப்பா ஆரம்பித்தது. நண்டும் கணவாயும்தான் முக்கியம், கிடைத்தால் இறால். இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நாட்டுப்படகுக்காரர் வலை வாங்க, எஞ்சின் பார்க்க, மகளைக் கட்டிக்கொடுக்க என்று பணம் கேட்டு வருவார். கொடுப்போம். வட்டி கிடையாது, பத்திரமும் கிடையாது. பதிலுக்கு அந்தப் படகு பிடிக்கிற சரக்கு முழுக்க எங்கள் கடைக்குத்தான் வர வேண்டும். விலை நாங்கள் சொல்வது. வெளியே நண்டு கிலோ 400 போனால் எங்களிடம் 350. அதில் கமிஷன் தனி. கிலோவுக்கு 100 கிராம் கழிவு தனி. நண்டில் தண்ணீர் நிற்கும், அதற்குத்தான் கழிவு என்று அப்பா சொல்வார். ஐந்து நிமிஷம் கூடையைச் சாய்த்து வைத்தால் தண்ணீர் வடிந்துவிடும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வாங்கின முன்பணத்தை முழுசாகக் கட்டி முடித்தவர்கள் எங்கள் கடை வரலாற்றில் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். கட்டி முடிப்பதை நாங்களும் அவ்வளவாக விரும்பியதில்லை. கட்டிவிட்டால் போய்விடுவாரே.

இப்படிப்பட்ட ஆளை உட்கார வைத்து மகள் போட்டுக் காட்டிய படத்தின் பெயர் 'லா டெர்ரா ட்ரெமா'. பூமி நடுங்குகிறது என்று அர்த்தமாம். எடுத்தவர் லுக்கினோ விஸ்கோன்டி. சிசிலித் தீவின் கிழக்குக் கரையில் ஆச்சி ட்ரெட்சா என்று ஒரு மீனவ ஊர். நடித்தவர்கள் எல்லோரும் அந்த ஊர் சனங்கள், தொழில்முறை நடிகர் யாரும் இல்லை. அவர்கள் பேசுகிற சிசிலிப் பேச்சு மற்ற இத்தாலிக்காரர்களுக்கே புரியாது என்பதால் நடுநடுவே ஒரு குரல் இத்தாலிய மொழியில் கதையை விளக்கும். நம் கடற்கரைத் தமிழை மதுரையில் பேசினால் "என்னங்க சொல்றீங்க" என்று கேட்பார்களே, அந்த மாதிரி.

கதை இவ்வளவுதான். அங்கேயும் மொத்த வியாபாரிகள் வைத்ததுதான் விலை. ஒரு வீட்டின் மூத்த மகனுக்கு அது பொறுக்கவில்லை. அந்தோனியோ என்ற பெயரைச் சுருக்கி அந்த ஊரில் என்னவோ ஒரு மாதிரி கூப்பிடுகிறார்கள், என் வாயில் அது நுழையாது. எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு அந்தோணி இருப்பதால் நானும் அந்தோணி என்றே சொல்கிறேன். ஒரு நாள் விலைத் தகராறு முற்றி, அந்தோணியும் மற்றவர்களும் வியாபாரிகளின் தராசைப் பிடுங்கிக் கடலில் வீசிவிடுகிறார்கள். போலீஸ் பிடித்துப் போகிறது. இவர்கள் உள்ளே இருந்தால் யார் கடலுக்குப் போவது? வியாபாரிகளே புகாரைத் திரும்ப வாங்கி வெளியே விடுகிறார்கள். அப்போதுதான் அந்தோணிக்குப் புரிகிறது, நம்மை விட அவர்களுக்குத்தான் நாம் தேவை என்று. வீட்டை வங்கியில் அடமானம் வைத்துச் சொந்தமாகத் தொழில் தொடங்குகிறான். நெத்திலி குவிகிறது, குடும்பமே உட்கார்ந்து உப்புப் போட்டு பீப்பாயில் அடுக்குகிறது. அப்புறம் ஒரு புயல். படகு போச்சு. உப்புப் போட்ட நெத்திலிக்கு வியாபாரிகள் அடிமாட்டு விலை கேட்கிறார்கள். வீடு போகிறது, தம்பி ஊரை விட்டுப் போகிறான், தங்கச்சி பெயர் கெடுகிறது. கடைசியில் அந்தோணி அதே வியாபாரிகளிடம் போய் நிற்கிறான். அவர்கள் சிரிக்கிறார்கள். பெயரை எழுதிக்கொண்டு வேலை கொடுக்கிறார்கள்.

படம் முடிந்ததும் எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். "இதுல ஏவாரி பக்கத்தை எங்க காட்டியிருக்கான்?" என்று மகளிடம் சத்தம் போட்டேன். நடு ராத்திரி எஞ்சின் ரிப்பேர் என்று வந்தால் எந்த வங்கி கதவைத் திறக்கும்? எல்லைப் பிரச்சினையில் இலங்கைக் கரையில் மாட்டிக்கொண்டு நிற்கிற படகில் என் பணமும் சேர்ந்துதானே நிற்கிறது? அதை யார் படம் எடுத்தார்கள்? மகள் ஒன்றும் பேசவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு, "பிடிக்கலைன்னா விடுங்கப்பா" என்று போய்விட்டாள்.

விட முடியவில்லை. ஒரு வாரம் கடையில் எடை போடும்போதெல்லாம் மனசுக்குள் அந்தப் படத்தோடு வாதாடிக்கொண்டே இருந்தேன். ஜெயித்த பாடில்லை.

பிறகு யோசித்துப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து எவ்வளவு படம் பார்த்திருப்பேன்! மணலைக் குவித்து மேடு பண்ணி உட்கார்ந்து, பின்னால் இருக்கிறவனிடம் தலையில் குட்டு வாங்கிப் பார்த்த டூரிங் டாக்கீஸ் காலத்திலிருந்து கணக்கு. 'படகோட்டி'யை மட்டும் ஏழெட்டு முறை பார்த்திருக்கிறேன். மீனவர்களைச் சுரண்டுகிற நம்பியாரைப் பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறேன், எம்.ஜி.ஆர். அடிக்கும்போது விசில் அடித்திருக்கிறேன். விசில் அடித்துவிட்டு மறுநாள் காலையில் கடைக்குப் போய் நான் பார்த்தது நம்பியார் வேலை. அது ஒரு தடவைகூட எனக்கு உறைக்கவில்லை. நல்லவன் பக்கம் சீட்டுப் போட்டு உட்கார வைத்துவிடுகிற படம் நம்மை ஒன்றும் கேட்காது, சந்தோஷமாக அனுப்பி வைத்துவிடும். இந்த இத்தாலிக்காரர் என்னை வேறு சீட்டில் உட்கார வைத்துவிட்டார்.

அதனால் வாழ்க்கையைப் பற்றி யோசிக்க வைக்கிற படம் எதுவென்று யாராவது கேட்டால், நான் பெரிய பட்டியல் சொல்வதில்லை. எந்தப் படத்தைப் பாதியில் நிறுத்தணும் போல எரிச்சல் வந்ததோ, அதை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள் என்பேன். மோசமான படத்துக்கும் எரிச்சல் வரும், அது வாஸ்தவம். ஆனால் அந்த எரிச்சல் டீ குடித்து முடிப்பதற்குள் போய்விடும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கிறுக்குத்தனம் பண்ணினேன். இந்தப் படத்தை என்னிடம் முன்பணம் வாங்கியிருக்கிறவர்களுக்கே போட்டுக் காட்டுவது என்று முடிவெடுத்தேன். ஏன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "நானாவது பரவாயில்லை" என்று அவர்கள் வாயால் கேட்க ஆசைப்பட்டேன் என்று மனைவி சொல்கிறாள். இருக்கலாம்.

இதில் நான் பட்ட பாட்டை விவரமாகச் சொல்கிறேன், வேறு யாராவது செய்வதானால் உதவும்.

முதலில் நாள். எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள். விசைப்படகு வாரத்தில் மூன்று நாள் போகும், அது போகாத நாளில்தான் நாட்டுப்படகுக்குக் கடல். ஆக சனிக்கிழமை ராத்திரி ஒன்றுதான் எல்லோரும் கண் விழிக்க முடிகிற ராத்திரி. மற்ற நாளில் விடிகாலை மூன்று மணிக்கு எழுந்திருக்கிறவரை ஒன்பது மணிக்கு மேல் உட்கார வைத்தால் திரையைப் பார்த்துக்கொண்டே தூங்குவார். அவர் மேல் தப்பில்லை.

அடுத்தது காற்று. ஆனி மாதத்தில், கச்சான் காற்று அடிக்கிற சமயத்தில், தெரிந்தே வாடி முன்னால், அதாவது எங்கள் கடைக் கொட்டகை முன்னால், வெள்ளை வேட்டியைக் கட்டினேன். படம் ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் திரை பாய்மரமாகிவிட்டது. கடலில் இருக்கிறவர்கள் முகமெல்லாம் கோணிக்கொண்டு போக, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் வாடிக்குள்ளேயே ஐஸ் பெட்டிகளை ஓரங்கட்டிவிட்டு, சுவரில் சுண்ணாம்பு அடித்து அதில் போட்டோம். மீன் வாடைக்கு நடுவே பார்ப்பது அந்தப் படத்துக்குப் பொருத்தமாகவும் இருந்தது. ப்ரொஜெக்டர் ராமநாதபுரத்தில் கல்யாண வீடியோ எடுக்கிறவரிடம் வாடகைக்கு வாங்கினது.

பெரிய சிக்கல் மொழி. கீழே ஓடுகிறது இங்கிலீஷ் எழுத்து. வந்திருந்த இருபது இருபத்தைந்து பேரில் அதை ஓட்டத்துக்கு வாசிக்கக்கூடியவள் என் மகள் ஒருத்திதான். அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வசனமாக மொழிபெயர்க்க ஆரம்பித்தாள். அரை மணி நேரத்தில் அவளுக்குத் தொண்டை கட்டியது, எங்களுக்குக் காது வலித்தது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "ஏத்தா, நீ சும்மா இரு. அவன் மூஞ்சியிலேயே தெரியுது" என்றார். நிஜம்தான். விலை கேட்கிறவன் மூஞ்சியும் விலை சொல்கிறவன் மூஞ்சியும் எந்த ஊரிலும் ஒன்றுதான். அதற்குப் பிறகு இப்படி வைத்துக்கொண்டோம். ஆரம்பிக்கும்போது இரண்டு நிமிஷம் கதைச் சுருக்கம். நடுவில் முக்கியமான இடத்தில் மட்டும் ஒரு வரி. மற்ற நேரம் வாயை மூடிக்கொள்வது. படம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் என்பதால், தராசை வீசி, அவர்களை வெளியே விடுகிற இடத்தில் நிறுத்திவிட்டு மீதியை அடுத்த சனிக்கிழமை என்று சொல்லிவிட்டோம். இதில் ஒரு லாபம் கிடைத்தது, எதிர்பார்க்காதது. நடுவில் இருந்த ஒரு வாரம் முழுக்க வாடியில் அதே பேச்சு.

சரி, தராசு வீசின இடத்துக்கு வருகிறேன். அதுவரை ஆளாளுக்கு வலையைப் பற்றியும் படகின் அமைப்பைப் பற்றியும் பேசிக்கொண்டுதான் பார்த்தார்கள். ராத்திரி விளக்குக் கட்டி மீன் பிடிக்கிறதைப் பார்த்து, "நம்ம ஆளு எவனோ போய் சொல்லிக் கொடுத்திருக்கான்" என்றார் ஒருவர். தராசு தண்ணீருக்குள் போனதும் ஒரு கைதட்டல். பையன்கள் விசில். அப்புறம் ஒரே அமைதி. எதனால் என்றால், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்துவிட்டது, உட்கார்ந்திருப்பது யார் கடை என்று. என் தராசு அங்கேயே மூலையில், சாக்கு போட்டு மூடி இருக்கிறது. இருபது தலை மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "வேணும்னா தூக்கிட்டுப் போங்கப்பா, அது எலக்ட்ரானிக், மிதக்காது" என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே அது சிரிப்பு இல்லை.

இரண்டாவது சனிக்கிழமை பெண்களும் நிறைய வந்தார்கள். நெத்திலிக்கு உப்புப் போடுகிற காட்சியில் அவர்களைக் கையில் பிடிக்க முடியவில்லை. உப்பு பத்தாது என்று ஒரு கட்சி, அது நம்ம கருவாடு மாதிரி இல்லடி, எண்ணெய் விடுகிற வரைக்கும் அமுக்கி வைக்கிறது என்று இன்னொரு கட்சி. புயல் நாளில் கறுப்புத் துணி போர்த்திய பெண்கள் பாறை மேல் நின்று கடலைப் பார்க்கிற காட்சி வந்ததும் அந்தப் பேச்சு அப்படியே அடங்கிவிட்டது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனபோது சிறுமியாக இருந்த ஒரு பாட்டி அங்கே இருந்தார். முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். படம் முடிகிற வரைக்கும் எடுக்கவில்லை.

முடிந்த பிறகு டீ கொடுத்தோம். நான் எனக்குத் தெரிந்த நியாயத்தையெல்லாம் பேசினேன். நடு ராத்திரி எஞ்சின், வராத கடன், ஐஸ் விலை, வேன் வாடகை, நண்டுக் கம்பெனிக்காரன் எனக்குப் போடுகிற கழிவு. இருபது வருஷமாக எங்களிடம் சரக்குப் போடுகிற ஒரு சம்மாட்டி, அதாவது படகுச் சொந்தக்காரர், எனக்கு அண்ணன் முறை, எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நீ குடுக்கிறது எங்களுக்கு நல்லாத் தெரியும் தம்பி. எடுக்கிறதுதான் எங்களுக்குத் தெரிய மாட்டேங்குது."

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. மறுநாள் காலையில் செய்த முதல் வேலை, எடை மெஷினைத் திருப்பி வைத்தது. அதுவரை எண் தெரிகிற பக்கம் என்னைப் பார்த்து இருந்தது. அப்பா காலத்துத் தராசில் தட்டு இரண்டு பக்கமும் தெரியும். மெஷின் வந்த பிறகு நான்தான் அதை என் பக்கம் வைத்துக்கொண்டேன், ஒரு காரணமும் இல்லாமல். இல்லை, காரணம் இருந்தது. சரக்குப் போடுகிறவர் பார்க்கும்படி திருப்பி வைத்தேன். அடுத்த வாரம் 40 பக்க நோட்டு ஒரு டஜன் வாங்கி, முன்பணம் வாங்கின ஒவ்வொருவருக்கும் ஒன்று. வாங்கினது, கழித்தது, பாக்கி. என் நோட்டில் எழுதுவதை அவர்கள் நோட்டிலும் எழுதி, வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். வீட்டில் பிள்ளைகள் கூட்டிப் பார்க்கும் என்று தெரிந்தால் நம் கை தானாகவே ஒழுங்காக எழுதும். கழிவை 100 கிராமிலிருந்து 50 ஆக்கினேன். பூஜ்யம் ஆக்கவில்லை. எனக்கும் மேலே ஒருவன் கழிவு போடுகிறான், நான் மகாத்மாவும் இல்லை.

இதனால் எல்லோரும் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று நினைக்க வேண்டாம். பக்கத்துக் கடைக்காரர்கள் ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நோட்டைப் பார்த்து "இவ்வளவுதான் பாக்கியா?" என்று இரண்டு பேர் வேறு கடையில் வாங்கி என்னிடம் கட்டிவிட்டுப் போனார்கள். ஒருவர் கட்டாமலேயே போனார். வருமானம் குறைந்தது நிஜம். வீட்டு மாடி எடுக்கிற வேலை மூன்று வருஷம் தள்ளிப்போனது. படம் பார்த்து மனசு மாறுவது இலவசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொன்று. அந்த வாரத்தில் நான் இன்னும் நாலு சபதம் எடுத்தேன். விலையைப் பலகையில் எழுதிப் போடுவது. மாதக் கடைசியில் எல்லோரையும் உட்கார வைத்துக் கணக்குச் சொல்வது. புகையை விடுவது. ஞாயிற்றுக்கிழமை போனை அணைத்து வைப்பது. நாலும் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. நின்றது மெஷினைத் திருப்பியதும் நோட்டும் கழிவும் மட்டும்தான். ஏன் என்று ரொம்ப நாள் புரியவில்லை. அதற்கும் ஒரு படம்தான் விளக்கம் சொன்னது.

ஜப்பான் படம், 'இகிரு'. அகிரா குரோசாவா எடுத்தது, 1952. வாழ்வது என்று அர்த்தம். நகராட்சி அலுவலகத்தில் முப்பது வருஷமாகக் கோப்பில் முத்திரை குத்தியே காலம் தள்ளிய ஒரு பெரியவர். வயிற்றில் புற்றுநோய், இன்னும் சில மாதம்தான் என்று தெரிகிறது. குடித்துப் பார்க்கிறார், கூத்து பார்க்கிறார், ஒன்றும் ஒட்டவில்லை. கடைசியில், சாக்கடைத் தண்ணீர் தேங்கும் இடத்தைத் தூர்த்துப் பிள்ளைகளுக்கு ஒரு பூங்கா கேட்டு வந்த பெண்களின் மனு அவர் கண்ணில் படுகிறது. அதே பெண்களை இந்தப் பிரிவு, அந்தப் பிரிவு என்று ஒவ்வொரு மேஜையாக அலையவிட்டது அவர் அலுவலகம்தான். மிச்சமிருக்கிற நாளையெல்லாம் அந்தப் பூங்காவுக்காக ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறார். பூங்கா வருகிறது. பனி விழும் ராத்திரி அங்கேயே ஊஞ்சலில் ஆடியபடி செத்துப்போகிறார்.

எல்லோரும் அந்த ஊஞ்சலைச் சொல்லித்தான் அழுவார்கள். என்னைப் பிடித்து உலுக்கியது அதற்கு அப்புறம் வருவது. துக்க வீட்டில் அவரோடு வேலை பார்த்தவர்கள் உட்கார்ந்து குடிக்கிறார்கள். முதலில் பூங்கா அவரால் வந்ததில்லை என்கிறார்கள். போதை ஏற ஏற உண்மை வெளியே வருகிறது. கடைசியில் எல்லோரும் அழுது, இனி நாமும் அவரைப் போல வேலை செய்வோம் என்று சபதம் போடுகிறார்கள். அடுத்த காட்சி, அலுவலகம். ஒரு மனு வருகிறது. இது எங்கள் பிரிவு இல்லை, அந்தப் பக்கம் போங்கள். ஒரே ஒருவன் மட்டும் பொறுக்காமல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நிற்கிறான். எல்லோரும் பார்க்கிறார்கள். மெதுவாகத் திரும்ப உட்கார்ந்துவிடுகிறான், காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் தலை மறைந்துபோகிறது.

அது நான்தான். படம் பார்த்த ராத்திரி ரோஷமும் துக்க வீட்டு ரோஷமும் ஒரே ஜாதி. அது வடிவதற்குள், திரும்ப மாற்றினால் நாலு பேர் ஏன் என்று கேட்கும்படியான ஒரு வேலையைச் செய்துவிட வேண்டும். மெஷினை மறுபடி என் பக்கம் திருப்பினால் வாடியே கேட்கும். நோட்டைத் திரும்பப் பிடுங்கினால் வீட்டுப் பெண்கள் சண்டைக்கு வருவார்கள். புகையை விடுவதாக நான் மனசுக்குள் எடுத்த சபதத்தை யார் கேட்கப் போகிறார்கள்? அதனால் படம் பார்த்தால் ஒரு நாளைக்குள் ஒன்றே ஒன்று, அதுவும் பொருளாக, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. அதற்கு மேல் வேண்டாம்.

இவ்வளவும் தெரிந்த நான் பெரிய தப்பு ஒன்றும் செய்தேன். 2021-ல் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' என்று மலையாளப் படம் வந்தது, ஜியோ பேபி எடுத்தது. கல்யாணமாகிப் போன பெண், அடுப்படியே கதியாகக் கிடக்கிறாள். பாத்திரம் கழுவுகிற தொட்டியின் குழாய் ஒழுகுகிறது, பிளம்பரைக் கூப்பிடச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போகிறாள், புருஷன் கூப்பிடுவதே இல்லை. மாமனாருக்கு அம்மியில் அரைத்த சட்னிதான் இறங்கும். மகளுக்கு அப்போதுதான் கல்யாணம் பேசி முடித்திருந்தோம். வருங்கால மருமகன் வீட்டுக்கு வந்த நாளில், தற்செயலாகப் போடுவது போல இதைப் போட்டேன். பையன் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று.

பையன் ஒழுங்காகத்தான் பார்த்தான். நான்தான் பாதியில், "கடைக்குப் போன் வருது" என்று எழுந்தேன். என் மனைவி கையைப் பிடித்து உட்கார வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை, உட்கார வைத்தாள், அவ்வளவுதான். ராத்திரி ஒன்பது மணிக்கு முரலோ விளமீனோ கொண்டுபோய், "இப்பதான் கரைக்கு வந்தது, சுடச்சுடக் குழம்பு வை" என்று நீட்டுவது முப்பது வருஷமாக என் பெருமை. அந்த மீனை அந்த நேரத்தில் உட்கார்ந்து ஆய்ந்தது யார்? எங்கள் தெருவில் தண்ணீர் எப்படி வரும் என்று ஊருக்கே தெரியும். மீன் கழுவிய பிறகு அடுப்படியைக் கழுவ இன்னும் ஒரு குடம். அதை எங்கிருந்து தூக்கி வந்தாள் என்று நான் கேட்டதே இல்லை.

அன்றிலிருந்து மீனைக் கடையிலேயே ஆய்ந்து, கழுவி எடுத்துக்கொண்டு போகிறேன். முதல் நாள் பித்தை உடைத்துவிட்டேன். குழம்பு கசந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, சாப்பிட்டார்கள். அடுத்தவனைத் திருத்தப் படம் போடுகிற வேலையை அதோடு விட்டேன். முதல் படத்தின்போதே மகள் எனக்குச் செய்தது அதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அவளிடம் கேட்டேன். "நான் உங்களைத் திருத்தப் போடலப்பா. அந்தக் கடையில வர்ற காசுலதானே நான் படிக்கிறேன், அதான் சேர்ந்து பாக்கலாம்னு போட்டேன்" என்றாள்.

இப்போதும் மாதம் ஒரு சனிக்கிழமை சுண்ணாம்புச் சுவரில் படம் ஓடுகிறது. எல்லா வாரமும் யோசிக்கிற படம் போட்டால் யாரும் வர மாட்டார்கள், வடிவேலு வேண்டும். வரதட்சணை, குடி என்று நேராக உபதேசம் பண்ணுகிற படங்களை ஒரு தடவை போட்டேன். இடைவேளைக்கு முன்பே கடை காலி. குடிக்கிறவர்கள்தான் முதலில் எழுந்து போனார்கள்.

போன மாதம் ஒரு பையன் நண்டு கொண்டுவந்தான். அப்பா போன பிறகு படகு இப்போது அவன் கையில். முதல் சனிக்கிழமை வந்தவன், இரண்டாவது சனிக்கிழமை காய்ச்சல் என்று வரவில்லையாம். கூடையைச் சாய்த்துத் தண்ணீரை வடியவிட்டபடியே கேட்டான்.

"மாமா, தராசத் தூக்கிப் போட்டானே, அவன் அப்புறம் என்ன ஆனான்?"

சொன்னேன். வீடு போனது, படகு போனது, திரும்ப அவர்களிடமே வேலைக்குப் போனது.

"அவங்ககிட்டயேவா?"

"அவங்ககிட்டயேதான்."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். அப்புறம் கூடையை மெஷின் மேல் தூக்கி வைத்தான். வெயில் பட்டு எண் மங்கலாகத் தெரிந்தது. கையை மேலே குடை மாதிரி வைத்து, குனிந்து பார்த்து, சத்தமாகப் படித்தான்.

"ஏழு கிலோ நானூத்தி அறுபது. எழுதிக்கங்க மாமா."

எழுதினேன். தன் நோட்டையும் நீட்டினான்.